கொம்பில் தார் பூசிய எருதுகள்

எங்கள் வீட்டில் 'அடிமாடு' என்ற சொல்லை யாரும் உச்சரித்ததில்லை. கிழட்டு எருதையோ மலட்டுப் பசுவையோ தரகர் ஓட்டிக்கொண்டு போனால், "மேக்கே போயிருச்சு" என்பார்கள். மேற்கே என்றால் பாலக்காட்டுப் பக்கம். அங்கே போன மாடு என்ன ஆகும் என்பது எங்கள் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் விற்பனைக்கு ஒரு சடங்கு உண்டு. விலை படிந்ததும் அப்பா கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே தரகரைப் பார்த்து, "ஏருக்குத்தானே?" என்று கேட்பார். வாயில் பல் இல்லாத, வாலைப் பிடித்துத் தூக்கிவிட்டால்தான் எழுந்து நிற்கிற எருதாக அது இருக்கும். தரகர் முகத்தில் ஒரு சுருக்கமும் விழாது. "ஏருக்குத்தானுங்க" என்பார். அதன் பிறகே கயிறு கை மாறும். தாத்தாவும் அப்படித்தான் கேட்டாராம். அவருடைய அப்பாவும் அப்படித்தானாம்.

நான் அரசாங்க உத்தியோகத்தில் மயிர் நரைத்தவன். பொய்யென்று இருவருக்கும் தெரிந்த ஒன்றை ஒருவர் கேட்டு, மற்றவர் பதில் எழுதி, மூன்றாமவர் கையெழுத்திட்டு விவகாரத்தை முடிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதைக் காகிதமே இல்லாமல் இவ்வளவு சுத்தமாகச் செய்த இலாகா எங்கள் கட்டுத்தரை ஒன்றுதான்.

எங்கள் காடு, அதாவது மேய்ச்சல் நிலம், நாமக்கல்லுக்குத் தெற்கே, மோகனூர்ப் பாதையை விட்டு விலகிய மேட்டில் இருந்தது. மோகனூரில் காவிரி கரை புரண்டு ஓடினாலும் அந்தத் தண்ணீர் எங்கள் மேட்டுக்கு ஏறாது. கிணற்றுத் தண்ணீர் வீட்டுக்கும் மாட்டுக்கும் போக, சோளம் விதைக்கிற கொஞ்ச இடத்துக்குக்கூடக் காணாது. ஆகவே முன்னோர்கள் நிலத்தைக் கிளுவை வேலி போட்டுத் துண்டு துண்டாகப் பிரித்து, கொழுக்கட்டைப் புல்லுக்கும் வெள்வேல மரத்துக்கும் விட்டுவிட்டு, மாடு வளர்க்கத் தொடங்கினார்கள். தலைமுறைகளாக அதுதான் பிழைப்பு.

மாட்டைத் தேர்ந்தெடுப்பதில் எங்களுக்கென்று ஒரு முறை உண்டு. பால் மறந்த காளைக் கன்றுகளைக் கோடையில் பாறை மிகுந்த துண்டுக் காட்டில் அடைத்துவிடுவோம். அங்கே புல் என்பது ஒரு ஞாபகம்தான். பொழுதுக்கு ஒரு முறை தண்ணீர் காட்டுவதோடு சரி. கோடை முடிந்து வேலியைத் திறக்கும்போது எந்தக் கன்றின் முதுகில் சதை வற்றாமல் இருக்கிறதோ அது இனத்துக்கு நிறுத்துகிற பொலிகாளை. மற்றவற்றைக் காயடித்து, ஏருக்கும் வண்டிக்கும் பழக்கிச் சந்தையில் விற்றுவிடுவோம். பசுக்களுக்கும் ஏறக்குறைய இதே பரீட்சை. வறண்ட வருஷத்திலும் சினை பிடிக்கிற பசுவின் வழியில் வந்த கிடேரிக்குத்தான் எங்கள் கட்டுத்தரையில் இடம்.

"என்ற மாடு கல்லெத் தின்னாலும் சதை போடும்" என்று அப்பா சொல்லிக்கொள்வார். அது உண்மை. பல வருஷம் கழித்து, மாட்டினங்களைப் பற்றிய அரசாங்க அறிக்கை ஒன்று என் மேஜைக்கு வந்தது. அதைப் படித்தபோதுதான் எனக்கு வேறொன்றும் விளங்கியது. குறைந்த தீனி, வறண்ட நிலம், வற்றாத சதை. உழவு மாட்டுக்கு இவை நல்ல குணங்கள். கறி மாட்டுக்கோ இவை மட்டுமே குணங்கள். நாலு தலைமுறையாகப் பயபக்தியோடு நாங்கள் எதை வளர்த்து வந்தோம் என்று எங்களில் ஒருவரும் கேட்டுக்கொண்டதில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் நான் சேலத்தில் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா. அஸ்தம்பட்டியில் என்னைப் போன்ற குமாஸ்தாக்களோடு ஓர் அறையில் தங்கியிருந்தேன். அவர்களில் யாருக்கும் என் வீட்டுத் தொழில் தெரியாது. "நிலம் இருக்கிறது" என்று சொல்லிவைத்திருந்தேன். அதுவும் எங்கள் வழக்கத்துக்குப் பொருந்திய பதில்தான்.

ஒரு வருஷம் ஐப்பசி மழை பெய்யவே இல்லை. மாசி மாதம் நான் ஊருக்குப் போனபோது காடு துடைத்து வைத்த வாசல்போலக் கிடந்தது. சோளத்தட்டுப் போர் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. மோகனூர்ப் பக்கம் போய்க் கரும்புத் தோகையும் வைக்கோலும் கேட்டால், ஆற்றுப் பாசனக்காரர்கள் பெண் கேட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்த்தார்கள். சந்தையில் உழவு மாடு வாங்க ஆளில்லை. உழுவதற்கு ஈரம் இருந்தால்தானே எருது வேண்டும்? ரயிலில் ஏற்றித் தஞ்சாவூருக்கு அனுப்பலாமென்றால், வண்டியெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது.

அன்று சாயந்தரம் கட்டுத்தரையில் அப்பா, சித்தப்பா, நான். சித்தப்பாதான் பேச்சை எடுத்தார்.

"அண்ணா, எருதெல்லாம் தள்ளிப்போட்டா இருக்கற தட்டு பசுவுக்கும் காளைக்கும் ஆடி வரைக்கும் வரும். இல்லீன்னா ரண்டுந் தங்காதுங்க."

"ஆரு வாங்கறாங்கோ?"

"பட்டாளத்துக்கு எடுக்கறாங்களாம். உங்க பையந்தான் சொல்றான்."

அப்பா என்னைப் பார்த்தார். "பட்டாளத்துக்கு எதுக்கு சாமி மாடு? பீரங்கி இழுக்கறதுக்கா?"

சித்தப்பா ஒரு வைக்கோலை எடுத்துப் பல்லைக் குத்திக்கொண்டே, "ஆமாங்கண்ணா, பீரங்கிதான். சட்டியில போட்டு இழுப்பாங்க" என்றார்.

எனக்குத் தெரிந்ததை எடுத்துச் சொன்னேன். பட்டாளத்துக்கு மாடு எடுக்கும் முகாமுக்குச் சில விதிகள் உண்டு. உழைக்கத் தகுந்த எருதை எடுக்கக் கூடாது. கறக்கிற பசுவை எடுக்கக் கூடாது. சினைப் பசுவையும் எடுக்கக் கூடாது. மாட்டு டாக்டர் பார்த்து, இது எதற்கும் ஆகாது என்று சொன்னால் கொம்பில் சிவப்புச் சாயம் பூசுவார்கள், ஒப்பந்தக்காரர் வாங்கிக்கொள்வார். ஆகும் என்று சொன்னால் கறுப்புத் தார். தார் பூசிய மாட்டை எந்த முகாமிலும் மறுபடி கொண்டுவந்து நிறுத்த முடியாது.

"அப்ப நம்ம எருதெ எப்பிடி எடுப்பாங்கோ?" என்றார் அப்பா. "எதுக்கும் ஆகாத எருது நம்மகிட்ட ஏது?"

"அதத் தரகர் பாத்துக்குவாருங்க" என்றார் சித்தப்பா. "கால் வாதம், மூச்சு வாங்குது, ஏதாச்சும் ஒண்ணு சொல்லுவாரு. நீங்க வாயத் தொறக்காம நின்னாப் போதும்."

அப்பாவிடம் யாரும் அவ்வளவு சுலபமான காரியத்தை ஒப்படைத்ததில்லை.

முகாம் சந்தைப்பேட்டையில், புளிய மரங்களின் கீழ் நடந்தது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். மாடு விற்க வந்தவர்கள் பாதி; இன்னார் விற்க வந்திருக்கிறார் என்று பார்க்க வந்தவர்கள் பாதி. எங்கள் எருதுகள் வரிசையாக வந்து நின்றபோது கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. மற்றவர்களின் மாடுகள் எலும்பும் தோலுமாக நின்றன. எங்களுடையவை அந்தப் பஞ்சத்திலும் தோல் மினுங்க நின்றன. அவற்றைப் பார்த்து, எதற்கும் ஆகாதவை என்று சொல்ல ஒருவருக்குக் கண்ணும் இருக்கக் கூடாது, மனசாட்சியும் இருக்கக் கூடாது. தரகருக்கு இரண்டுமே தொந்தரவு கொடுத்ததில்லை.

மாட்டு டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்து இளைஞர். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒவ்வொருவரையும் 'ஐயா' என்று அழைத்தார். முதல் சாம்பல் நிற மயிலை எருதை அவர் முன்னால் நிறுத்தியதும் தரகர் ஆரம்பித்தார். "கால் வாதமுங்க. ஏர்ல கட்டுனா படுத்துக்குது. பாக்கத்தான் இப்பிடி இருக்குது." டாக்டர் காலைத் தடவிப் பார்த்தார். சந்தேகமாகத்தான் பார்த்தார். ஆனால் அவருக்கும் அன்று மாலைக்குள் இத்தனை மாடு என்று மேலிருந்து ஒரு கணக்கு இருந்திருக்கும். உதவியாளரிடம் சிவப்புச் சாயத்தைக் காட்டினார். உதவியாளர் தூரிகையை முக்கினார். தரகர் கயிற்றுக்குக் கையை நீட்டினார்.

அப்பா கயிற்றைக் கொடுக்கவில்லை. தரகரின் முகத்தைப் பார்த்து, "ஏருக்குத்தானே?" என்றார்.

"ஏருக்குத்தானுங்க" என்றார் தரகர்.

இருவருமே யோசித்துச் சொன்னதல்ல. தும்மினால் பக்கத்தில் இருப்பவர் 'நூறு வயசு' என்பதில்லையா, அப்படி வந்துவிட்டது. டாக்டர் நிமிர்ந்தார்.

"ஏருக்கா? ஏருக்கு ஆகிற மாடு என்றால் நான் எடுக்க முடியாதே, ஐயா."

தரகருக்கு அப்போதுதான் தான் சொன்னது காதில் விழுந்தது. "அய்யோ, இல்லீங்க" என்று பதறினார். "அது சும்மா பேச்சுக்குக் கேக்கறதுங்க. பண்ணாடி எப்பவுமே இப்பிடித்தான் கேப்பாருங்க, நாங்களும் இப்பிடித்தான் சொல்லுவோமுங்க. கறிக்குத்தான் போகுதுன்னு அவியளுக்கும் தெரியும், எங்களுக்குந் தெரியும். அவிய அய்யன் காலத்துல இருந்தே இப்பிடித்தானுங்க."

கூட்டத்தின் பின்னாலிருந்து யாரோ ஒருவன், "ஏருக்குத்தானுங்க டாக்டரே! வெள்ளக்காரன் வவுத்துக்குள்ள ஓட்டற ஏரு!" என்றான். சந்தைப்பேட்டையே சிரித்தது. டாக்டர் மரியாதைக்காகச் சிரிப்பை அடக்க முயன்றார். அது சிரித்ததைவிட மோசமாக இருந்தது.

தலைமுறைகளாகக் காப்பாற்றி வந்த மௌனத்தைத் தரகர் ஒரே மூச்சில் ஊர் நடுவில் கொட்டிவிட்டார். நான் புளிய மரத்தின் வேரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பாவின் காது மடல் சிவந்ததைப் பார்க்காமலே உணர்ந்தேன்.

"ஆருடா என்ற எருதெ வாதக் காலுன்னது?" என்றார் அப்பா.

தரகர் திகைத்து, "நாந்தானுங்க. நீங்கதானுங்க சொல்லச் சொன்னீங்க" என்றார்.

அப்பா அவரைக் கவனிக்கவில்லை. அங்கே மூட்டையோடு நின்ற ஒரு பார வண்டியைக் காட்டி, சக்கரத்தைக் கயிறு போட்டுக் கட்டச் சொன்னார். உருளாத சக்கரத்தோடு வண்டியை இழுக்கவைப்பது எங்கள் பக்கத்தில் எருதின் பலத்தைக் காட்டும் வழி. சித்தப்பா ஓடிவந்து, "அண்ணா, வேண்டாங்கண்ணா. நெனச்சுப் பாருங்க, பசு கெடக்குது" என்று கையைப் பிடித்தார். அப்பா கையை உதறிவிட்டு இரண்டு மயிலைகளையும் நுகத்தில் பூட்டினார். மாட்டைக் குத்தி ஓட்டும் தார்க்குச்சிகூட எடுக்கவில்லை. நாக்கால் ஒரு சத்தம் கொடுத்தார். எருதுகள் முன்கால் மடக்கி, கழுத்து நரம்பு புடைக்க, கட்டிய சக்கரம் மண்ணைக் கீறிக்கொண்டு வர, வண்டியைச் சந்தைப்பேட்டை வாசல்வரை இழுத்துப் போயின. சற்று முன் சிரித்த அதே கூட்டம் சீட்டியடித்தது.

டாக்டர் அருகில் வந்து எருதின் திமிலைத் தட்டிக் கொடுத்தார். "இப்படி ஒரு மாட்டை வெட்டுக்கு எடுத்தால் எனக்குப் பாவம் வரும் ஐயா" என்றார். மற்ற எருதுகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லாவற்றின் கொம்பிலும் தார்.

பிறகு, வேட்டி கட்டிய கூட்டத்தில் கால்சட்டையோடு நின்ற என்னிடம் வந்து, எந்த ஆபீஸ் என்று விசாரித்தார். சொன்னேன். "உங்கள் தகப்பனாருக்கு விதிகளை எடுத்துச் சொல்லியிருக்கலாமே" என்றார். "சொன்னேன்" என்றேன். அவர் என்னை நம்பவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா நின்று நின்று வந்தார். எதிரே வருகிறவர்கள் கொம்பைப் பார்த்து, "என்னங்க தாரு?" என்று கேட்பார்கள். "டாக்டர் போட்டது. ஒழைக்கற மாடாம், வெட்டக்கூடாதாம்" என்பார் அப்பா. அந்தத் தாரை அவர் மேலதிகாரி கொடுத்த நற்சான்று போலச் சுமந்து வந்தார். சித்தப்பா முன்னால் போய்விட்டார். நான் எருதுகளுக்குப் பின்னால் நடந்தேன்.

அம்மா வாசலில் எருதுகளை எண்ணுவதுபோல் பார்த்தாள். "மாடு திரும்பி வந்துருச்சுங்க" என்றாள். "தட்டுப் போரும் திரும்பி வருமுங்களா?"

அப்பா எருதுகளுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

பங்குனியில் போர் தரைமட்டமானது. முதலில் வேப்பந்தழை, பிறகு ஆலந்தழை. பிறகு வேலியிலிருந்த கிளுவையையே ஒடித்துப் போட்டார்கள். எங்கள் மாடுகள் எங்கள் வேலியைத் தின்றன. கிடைத்த தீனியில் பெரும் பங்கைப் பசுக்களுக்குத்தான் போட்டார்கள். எருதுகளுக்கு மிச்சம் மீதி. ஆனால் எங்கள் முன்னோர் தங்கள் வேலையைச் சரியாகச் செய்திருந்தார்கள். எருதுகள் மிச்சத்தைத் தின்றே சதை வற்றாமல் நின்றன. கன்று ஈன்று, பால் கொடுத்து, உடம்பைக் கரைத்திருந்த பசுக்களோ ஒவ்வொன்றாகப் படுக்க ஆரம்பித்தன. முதலில் கன்றுகள் போயின. பிறகு பாலும் வற்றியது.

எருதுகளை அவிழ்த்து எங்கேயாவது விரட்டிவிடலாம் என்று சித்தப்பா சொன்னார். அந்த வருஷம் பலர் அப்படிச் செய்தார்கள். "தார் பூசின கொம்பெ நாலு ஊருக்குக் காட்டிக்கிட்டு வந்தமே அண்ணா, இப்ப எந்த ஊர்ல கொண்டுபோயி உடறது?" என்று அவரே முடித்தும் கொண்டார்.

அடுத்த முகாமுக்கு நாள் குறித்திருந்தார்கள். விதி என்னவோ அதேதான். உழைக்கத் தகுந்ததை எடுக்கக் கூடாது. ஆகவே எருதுகளை எடுக்க மாட்டார்கள். கறவையை எடுக்கக் கூடாது. எங்கள் பசுக்களில் ஒன்றும் கறக்கவில்லை. சினையை எடுக்கக் கூடாது. ஒன்றும் சினையாக இல்லை. எதற்கும் ஆகாதவை என்று விதி எதைச் சொல்கிறதோ அது இப்போது எங்கள் தாய்ப் பசுக்கள்தான். எதைக் காப்பாற்றுவதற்காக எருதுகளை விற்கப் போனோமோ, அதை மட்டுமே விற்க முடியும் என்று ஆகிவிட்டது. விதிகளை இயற்றுகிறவர்கள் இதைவிடக் கச்சிதமாக ஒருவரைக் குறிவைத்து இயற்ற முடியாது.

விடுமுறை வாங்கிக்கொண்டு நானும் போனேன். டாக்டர் அப்பாவை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து நின்று வணங்கினார். பின்னால் வந்த பசுக்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"கறக்கிறதா ஐயா?"

"இல்லைங்க."

"சினையா?"

"இல்லைங்க."

"இனிமேல் பிடிக்குமா?"

"பிடிக்காதுங்க."

ஒவ்வொரு பசுவுக்கும் இதே கேள்விகள், இதே பதில்கள். ஒவ்வொரு கொம்பிலும் சிவப்பு. முன்பு சிரித்த கூட்டம் அன்றும் இருந்தது. ஆனால் அன்று ஒதுங்கி வழிவிட்டு நின்றது. அப்பா அன்று கயிற்றைக் கொடுக்கும்போது தரகரிடம் எதுவும் கேட்கவில்லை. தரகர்தான் கேட்காத கேள்விக்குப் பழக்கத்தில் வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டார்.

கடைசியாக வந்தது கறுத்த காரிப் பசு ஒன்று. எங்கள் கட்டுத்தரையில் அப்போதிருந்த காளையை ஈன்ற பசு அதுதான். அது மட்டும் படுக்காமல் சந்தைவரை நடந்தே வந்திருந்தது. டாக்டர் வழக்கம்போல், "சினையா?" என்றார்.

"சினைங்க" என்றார் அப்பா.

சித்தப்பா திரும்பி அவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கடைசியாகக் கன்று ஈன்ற பிறகு அந்தப் பசுவைக் காளைக்கு விடவே இல்லை. அப்பா டாக்டரைப் பார்க்காமல் பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். "சினைங்க. இது வேண்டாங்க. தெரியாம ஓட்டியாந்துட்டோம்."

டாக்டர் நேர்மையானவர். அதுதான் வந்த வினை. சினை என்றால் கையை விட்டுப் பார்க்காமல் அவரால் கறுப்பும் பூச முடியாது, சிவப்பும் பூச முடியாது. தோள்வரை கையை விட்டுப் பார்த்தார். கையை எடுத்துக் கழுவிக்கொண்டே, எங்களுக்கு மட்டும் கேட்கிற குரலில்தான் சொன்னார். "இல்லையே, ஐயா. சினை இல்லை. உங்களுக்கு இதைக் கொடுக்க மனசில்லை என்றால் ஓட்டிக்கொண்டு போங்கள். யார் வேண்டாமென்றது? பொய் எதற்கு?"

இதைவிடக் கனிவாக யாரும் சொல்ல முடியாது. ஓட்டிக்கொண்டு போங்கள் என்றுதான் அவர் சொன்னார். 'சரிங்க' என்று சொல்லிவிட்டுக் கயிற்றைப் பிடித்து நடந்திருந்தால் முடிந்திருக்கும். ஒரே ஒரு பசுவுக்கு எங்கிருந்தாவது தழை ஒடித்திருக்கலாம். ஆனால் மகன் வயதுள்ள ஒருவர், மாட்டு விஷயத்தில், தம்பியும் மகனும் கேட்கத் தன்னைப் பொய் சொன்னவன் என்று சொல்லிவிட்டது அப்பாவின் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பசுவோடு திரும்பினால் அந்தப் பொய்யும் கூடவே ஊர்வரை நடந்து வரும்.

"பொய்யில்லீங்க. மறந்துபோச்சு" என்றார் அப்பா. கயிற்றைத் தரகர் கையில் திணித்தார். கொம்பில் சிவப்புப் பூசும்வரைகூட நிற்காமல் நடந்துவிட்டார்.

அந்த வருஷம் ஆடியிலேயே மழை பிடித்துக்கொண்டது. ஆவணியில் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம். அந்தப் புல்லில் எங்கள் எருதுகள் நின்று தின்றன, தின்று மாளவில்லை. மழைக்குப் பிறகு ஏர் மாட்டுக்கு அடிதடியானது. எங்கள் எருதுகளுக்குக் கேட்ட விலை கிடைத்தது. பஞ்சத்தில் உழவு மாட்டைக் காப்பாற்றிய பெரிய மனிதர் என்று அப்பாவுக்கு நாலு ஊரில் பேர். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைச் சொல்லும்போது அப்பா எழுந்து கிணற்றுப் பக்கம் போய்விடுவார். எருதுகள் விற்றுத் தீர்ந்ததும் கட்டுத்தரையில் மிச்சமிருந்தது பொலிகாளை ஒன்று. ஊரார் பசுக்களை ஓட்டிவந்து அதனிடம் விட்டுப் போனார்கள். அதற்குச் சொந்தமாக ஒரு பசு இல்லை.

அப்போதுதான் சித்தப்பாவுக்கு ஒரு ஞாபகம் வந்தது. சில வருஷங்களுக்கு முன் கொம்பு கோணலாக முளைத்த ஒரு கிடேரியை, இது எங்கள் கட்டுத்தரைக்கு லாயக்கில்லை என்று அப்பா ஒதுக்கி, பண்ணையத்தில் வேலை செய்த ஓர் ஆளுக்கு வெறுமனே கொடுத்துவிட்டிருந்தார். ஒன்றே ஒன்று என்பதால் அந்தக் குடும்பம் அதைப் பஞ்சத்தில் எப்படியோ இழுத்துக்கொண்டுவந்துவிட்டது. அதற்கு ஒரு கிடேரிக் கன்றும் இருந்தது, எங்கள் காளைக்கே பிறந்தது. தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் எங்கள் மாடு. அந்தக் கன்று கிடைத்தால் மறுபடி தொடங்கலாம்.

அந்த ஆளை அன்று நாங்கள் 'அவன்' என்றுதான் சொன்னோம். இன்று எழுதும்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அச்சில் மரியாதை கொடுப்பது சுலபம். அதற்குச் செலவு ஓர் எழுத்துதான்.

சித்தப்பா அந்தக் குடும்பத்தின் தெரு முனைவரை போய், கூப்பிட்டு, கேட்டார். அந்த மனிதர் மனைவியைப் பார்த்தாராம். அந்த அம்மாள்தான் பேசியிருக்கிறார். சித்தப்பா திரும்பி வந்து அதை எங்களிடம் சொன்னபோது, அந்தக் குரலிலேயே சொன்னார். அவருக்கு அந்தத் திறமை உண்டு.

"கன்னுதானுங்களே, தாரேனுங்க. காசு வேண்டாமுங்க. நீங்க குடுத்த மாட்டுக்குப் பொறந்தது. ஆனாக்க பண்ணாடியே வந்து கேக்கட்டுமுங்க. எங்கூட்டு வாசல்ல நின்னு கேக்கட்டும். செத்த மாட்டெ நாங்க தின்னா ஈனமுன்னு எங்க நெழலு படாம ஒதுங்கிப் போவாங்களே. உசுரோட ஓட்டிக்கிட்டுப் போயி வித்துப்போட்டு வந்தவிய, எங்க வாசல்ல வந்து நிக்கறதுக்கு இன்னும் என்ன ஈனமுங்க?"

சித்தப்பா சொல்லி முடித்ததும் அப்பா, "அவ அப்பிடியா சொன்னா?" என்றார். கோபத்தோடு சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சாதாரணமாகத்தான் சொன்னார்.

"நான் போறேனுங்க" என்றாள் அம்மா. "ஒரு கன்னுக்குத்தானே. நான் போயி நிக்கறேன்."

"நீ போகப்படாது."

"அப்ப நீங்க போங்க."

அப்பா போகவில்லை. போகப் போவதுபோல் இரண்டு தடவை தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். ஒரு தடவை அவர்கள் தெரு திரும்புகிற இடம்வரை போனதைச் சித்தப்பா பார்த்திருக்கிறார். அங்கே யாரோ எதிரே வரவும், சோளக் கதிரைப் பார்க்க வந்தவர்போல் வரப்பில் இறங்கிவிட்டாராம். அந்தக் கன்றை அவர் வாழ்நாள் முழுக்க விரும்பினார். அதை வாங்கப் போக வேண்டிய தூரம் எங்கள் கிணற்றிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம். பொலிகாளை மூப்படைந்த பிறகு புல்லை வெளியாருக்கு மேய்ச்சலுக்கு விட்டோம். தலைமுறைகளாக மாடு வளர்த்த குடும்பம், அதன் பிறகு புல் வளர்த்தது.

யுத்தம் முடிந்து சில வருஷங்களுக்குப் பிறகு, ஒரு தேர்த் திருவிழா மாட்டுச் சந்தைக்கு அப்பா என்னையும் அழைத்துப் போனார். வாங்குவதற்கல்ல, பார்ப்பதற்கு. மாடு பார்க்கத் தெரிந்தவர் என்ற பேர் மட்டும் அவருக்கு இருந்தது. தாராபுரத்துப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பண்ணைக்காரர் அப்பாவைக் கண்டதும் கையைப் பிடித்து, "வாங்க, ஒரு காளை பாத்து வெச்சிருக்கறேன். பொலிக்கு வாங்கலாமான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று இழுத்துப் போனார்.

ஒரு மயிலைக் காளை நின்றது. அப்பா அதைப் பக்கத்திலிருந்து பார்த்தார், பின்னாலிருந்து பார்த்தார். குனிந்து குளம்பைப் பார்த்தார். வெகுநேரம் எடுத்துக்கொண்டார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவரை மட்டும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். எங்கள் காட்டில் வருஷக்கணக்காக மாடு மேய்த்து, அந்தக் கோணக்கொம்புக் கிடேரியை வாங்கிப் போனவர்தான். புதுத்துண்டு ஒன்று தோளில் இருந்தது.

"வாங்கலாமுங்க" என்றார் அப்பா. "இத உட்டா இந்தச் சந்தைல வேற இல்லைங்க."

"ஆரு ஊட்டு வழி மாடுங்க இது? உங்க பக்கத்து மாடு மாதிரியே இருக்குதே?"

"தெரியலீங்களே" என்றார் அப்பா.

பண்ணைக்காரர் தலையாட்டிவிட்டு விலை பேசத் திரும்பினார். அப்பா அதற்குள் நாலைந்து மாடு தள்ளிப் போய், ஏதோ ஒரு கிழட்டு எருதின் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கயிற்றைப் பிடித்திருந்தவர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் கைக்கடிகாரத்தைத் திருப்பி மணி பார்த்தேன்.